பிரசவத்தில் இறந்த தாய் பேயா? ஷஹீதா?



நம் கடலோர ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சபர் போய்த் திரும்பிய பெரியவர்கள் பலர். அவர்கள் ஊர் வந்தபோது பெட்டியில் கைலியும் அத்தரும் வந்தன. நாவில் மலாய் நாட்டுக் கதைகளும் வந்தன. இஷாவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து அவர்கள் சொன்ன பேய்க்கதைகளைக் கேட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போக அஞ்சிய பிள்ளைகள் எத்தனையோ பேர்!

அந்தக் கதைகளில் முதலிடம் பொந்தியானாக் என்னும் பெண் பேய்க்குத்தான். வாழை மரத்தில் குடியிருப்பாளாம்; நீண்ட கூந்தலும் வெள்ளை உடையுமாக அழகிய பெண்போல் தோன்றுவாளாம்; பிடரியில் ஆணியை அறைந்துவிட்டால் அடங்கிப்போய் மனைவியாக வாழ்வாளாம்! இதே பெயரில் 1957-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு படம் எடுத்தார்கள். 2004-ல் மலேசியாவில் மற்றொரு படமும் வந்தது. போர்னியோத் தீவில் 1771-ல் ஸையித் வம்சத்தவரான ஷரீப் அப்துர் ரஹ்மான் நிறுவிய ஒரு நகருக்கே பொந்தியானாக் என்றுதான் பெயர். ஆற்றங்கரைப் பேய்களை அவர் பீரங்கி முழக்கி விரட்டினார் என்றும், குண்டு விழுந்த இடத்தில் பள்ளிவாசல் எழுப்பினார் என்றும் அங்குள்ளோர் கதை சொல்வர். பீரங்கிக் கதை எப்படியோ போகட்டும், அவர் பெயர் தாங்கிய ஜாமிஉப் பள்ளி இன்றும் அங்கே நிற்கிறது.

கதை கேட்பதில் என்ன குற்றம் என்று சிலர் எண்ணலாம். நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பேய் யார்? பிறவியிலேயே பேயாகப் படைக்கப்பட்டவளா? இல்லை. பிள்ளைப்பேற்றில் உயிர் நீத்த ஒரு தாய்! பத்து மாதம் சுமந்து, வலி பொறுத்து, இரத்தம் சிந்தி மாண்ட ஓர் ஏழைப் பெண்! அவளைத்தான் இரத்தம் குடிக்கும் பேய் என்று ஊர் சொல்கிறது.

மலாய் மக்களின் மந்திர நம்பிக்கைகளைத் திரட்டி ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் 1900-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் லங்சுயர் என்ற பேயைப் பற்றிய செய்தி உண்டு. பிரசவத்தில் இறந்த பெண் லங்சுயராகி, நீண்ட நகங்களுடைய இராக்குருவியாய் ஆந்தை வடிவில் திரிவாளாம். இறந்து பிறந்த அவளது குழந்தையே பொந்தியானாக் ஆகுமாம். இதைத் தடுக்க அக்காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவள் அலறாதிருக்க, மையித்தின் வாயில் கண்ணாடி மணிகளை இட்டார்கள். சிறகடிக்காதிருக்க, இரு அக்குளிலும் கோழி முட்டை வைத்தார்கள். கைகளை மடக்கி விரித்துப் பறக்காதிருக்க, உள்ளங்கைகளில் ஊசி வைத்தார்கள்.

எண்ணிப் பாருங்கள்! குழந்தையை ஏந்த நீட்டிய கை. அந்தக் கையிலா ஊசி? இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது.

இறந்தவர் ஆந்தையாகத் திரிவார் என்பது மலாய் நாட்டுக்கு மட்டும் உரிய கற்பனையும் அன்று. அறியாமைக் காலத்து அரபிகளும் இதையே நம்பினார்கள். கொலையுண்டவனின் உயிர் ‘ஹாமா’ என்ற பறவையாகி, பழி தீர்க்கும் வரை தாகம் தாகம் என்று கத்தித் திரியும் என்றார்கள். பாலைவனத்திலே ‘கூல்’ என்னும் பேய் உருமாறி வழி தவறச் செய்யும் என்றும் அஞ்சினார்கள். ஹாமாவும் இல்லை, கூலும் இல்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தெளிவாக மறுத்தார்கள். இறந்தவருக்கும் இவ்வுலகுக்கும் இடையே, எழுப்பப்படும் நாள் வரை ‘பர்ஸக்’ என்னும் திரை இருக்கிறது என்பதைத் திருமறையின் 23-ஆவது அத்தியாயம் 100-ஆவது வசனம் அறிவிக்கிறது. அந்தத் திரையைத் தாண்டி வாழை மரத்துக்கு வந்து அமர எந்த உயிராலும் இயலாது.

அப்படியானால் பிரசவத்தில் இறந்த தாயின் நிலை என்ன?

ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்த அப்துல்லாஹ் இப்னு தாபித் (ரலி) அவர்களைப் பார்க்கச் சென்றார்கள். அவர் இறுதி நேரத்தில் இருந்தார். போருக்குப் போகும் ஏற்பாடெல்லாம் செய்திருந்தாரே, ஷஹீதாவார் என்றல்லவா எண்ணியிருந்தோம் என்று அவருடைய மகள் வருந்தினார். எதை நீங்கள் ஷஹாதத்தாகக் கருதுகிறீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்படுவதை என்று பதில் வந்தது. அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், அதுவன்றி இன்னும் ஏழு வகை ஷஹீதுகள் உண்டென எண்ணிக் காட்டினார்கள். கொள்ளை நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், தீயில் கருகியவர், இடிபாட்டில் சிக்கியவர் என்ற அந்த வரிசையில், வயிற்றுப் பிள்ளையோடு மாண்ட பெண்ணும் இடம்பெற்றாள்! இதை முஅத்தாவிலும் அபூதாவூதிலும் காணலாம்.

களத்தில் வாளேந்தி விழுந்த வீரனின் பட்டியலில் பேற்றறையில் விழுந்த தாயையும் சேர்த்தது நம் மார்க்கம். இவள் மறுமையின் ஷஹீது. ஆகவே எல்லா முஸ்லிம்களையும் போலக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழவைத்தே இவளை நல்லடக்கம் செய்யவேண்டும். இதில் குறைக்கவும் கூடாது. மணியும் முட்டையும் ஊசியும் கூட்டவும் கூடாது.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். பேறுகாலத்தில் இறந்த ஒரு பெண்மணிக்கு நபி (ஸல்) அவர்களே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். அப்போது அவளது உடலின் நடுப்பகுதிக்கு நேராக நின்றார்கள். பின்னால் நின்று தொழுத ஸமுரா (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள்; புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பெண் ஜனாஸாவுக்கு இமாம் நடுப்பகுதிக்கு நேரே நிற்பது சுன்னத் என்று ஷாபிஈ மத்ஹபினர் கொள்வதற்கு இந்த ஹதீஸும் ஓர் ஆதாரம். மலாய் மக்களும் ஷாபிஈ மத்ஹபினரே. நம் கடலோர மக்களில் மிகப் பலரும் அவ்வாறே. ஆக, நம் பள்ளிகளில் ஒரு பெண்ணின் ஜனாஸா முன்னே இமாம் நிற்கும் அந்த இடம், பேற்றில் மாண்ட ஒரு தாய்க்கு நாயகம் (ஸல்) அவர்கள் தொழுதபோது நின்ற இடம்! பள்ளியில் அந்த சுன்னத்தைப் பேணுகிறோம். வீட்டில் வந்து அதே தாயைப் பேய் என்கிறோம். இது நியாயமா?

அவள் குழந்தை? இறைத்தூதர் (ஸல்) அவர்கள் கனவில் காட்டப்பட்ட ஒரு பூங்காவில் நெடிதுயர்ந்த ஒருவரைக் கண்டார்கள். அவரைச் சுற்றிலும் ஏராளமான குழந்தைகள். அவர் இப்றாஹீம் (அலை) என்றும், இயற்கை மார்க்கத்தில் இறந்த குழந்தைகளே அவர்கள் என்றும் விளக்கம் தரப்பட்டது. இதையும் அறிவிப்பவர் அதே ஸமுரா (ரலி) அவர்கள்தாம். நபி இப்றாஹீமைச் சூழ்ந்திருக்கும் குழந்தையை இரவில் அழும் பேய் என்பதா?

தாய்மார்களே! பயம் உயிரையும் குடிக்கும். தலையும் குடலுமாகப் பறந்து வந்து பேற்றறை இரத்தத்தைக் குடிக்கும் பெனங்காலான் என்ற பேய்க்கு அஞ்சி, மலாய்க் கிராமங்களில் வாசலிலும் சன்னலிலும் முட்செடி தொங்கவிட்டார்கள். ஆனால் தாய்மாரைக் கொன்றவை இரத்தப்போக்கும், வலிப்பும், கிருமியும். 1957-ல் அந்நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். இந்த நூற்றாண்டின் பெரும்பாலான ஆண்டுகளில் அது 30-ஐ ஒட்டியே இருந்தது. எதனால்? கிராமந்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை அமர்த்தினார்கள்; பழைய கிராமத்து மருத்துவச்சிகளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்; ஆபத்தென்றால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார்கள். முட்செடி தடுக்காததை முறையான மருத்துவம் தடுத்தது!

ஜின்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. அல்லாஹ் படைத்த அவர்களைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே இறங்கியிருக்கிறது. மனிதரில் சிலர் ஜின்களிடம் காவல் தேடியதால் கேடுதான் மிகுந்தது என்று அதன் 6-ஆவது வசனம் உணர்த்துகிறது. காவல் தேட வேண்டியவன் அல்லாஹ் ஒருவனே. ஆயத்துல் குர்ஸியும், ஃபலக், நாஸ் ஸூராக்களும் நம்மிடம் இருக்க, பச்சை உடம்புக்காரியின் தலையணைக்கு அடியில் இரும்பும் வேப்பிலையும் எதற்கு?

நம் குடும்பங்களிலும் பேற்றில் மாண்ட பெண்கள் உண்டு. தாய் முகம் காணாத பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி இத்தகைய கதைகளைப் பேசாதீர்கள். “உன் உம்மா ஷஹீதம்மா, அவருக்காக துஆச் செய்” என்று சொல்லிக் கொடுங்கள். அந்தச் சொல் அதன் ஆயுளுக்கும் துணையாக இருக்கும்.

பேற்று நோவில் உயிர் நீத்த நம் தாய்மார் அனைவரின் கபுருகளையும் வல்ல நாயன் ஒளிமயமாக்கி வைப்பானாக! அவர்களின் குழந்தைகளோடு அவர்களைச் சுவனத்தில் ஒன்று சேர்ப்பானாக! வீண் பயங்களை விட்டும் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.