நம்பிக்கையும் சான்றும்

வாய்மையை விளக்க வந்த வள்ளுவர் பொய்க்கும் ஓர் இடம் அளித்திருக்கிறார். அப்பொய்யால் பழுதில்லாத நன்மை விளையவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அவர் தந்த சலுகையை நாம் மிகுதியாகப் பயன்படுத்திக்கொள்ளும் இடம் நோய்ப்படுக்கையே. நிபந்தனையை மட்டும் மறந்துவிடுகிறோம். புற்றுநோய் நுழைந்த வீட்டில் இது தெளிவாகப் புலப்படும்.

மும்பையின் பரேல் பகுதியில் 1941 முதல் டாட்டா நினைவு மருத்துவமனை இயங்கி வருகிறது. அதனை அடுத்த நடைபாதைகளில், தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு காத்திருப்பதை இந்நகரத் தமிழர் பலரும் கண்டிருப்பர். நம்மவர் நிலை சற்று மேல். தலைக்கு மேல் கூரை உண்டு. ஆயினும், நோய் இன்னதென்று தெரிந்த மறுநாளே ஊரிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். "கத்தி வைக்கவேண்டாம், வைத்தால் பரவிவிடும். நம் ஊர்ப் பக்கம் ஒருவர் வேர்ப்பொடி தருகிறார். டாக்டர்கள் கைவிட்ட எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்." (கத்தி பட்டால் பரவும் என்பது வீண் அச்சம், அது எத்தனை பேரைத் தாமதப்படுத்தியிருக்கிறது!) சொல்பவர் பெரியப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருப்பார். அவருக்கு அதில் காசு ஆதாயம் ஏதுமில்லை. அன்பினால் சொல்கிறார்.

பொய் மருந்து விற்றுப் பொருள் ஈட்டுபவனைப் பற்றி அறநூல் ஆராயத் தேவையில்லை. புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அவனைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்துக்கொள்கிறதா என்பது வேறு கேள்வி. கடினமான வழக்கு இந்த மாமனுடையது. சோதித்தறியாத ஒன்றை நல்லெண்ணத்தோடு பரிந்துரைப்பவர் தவறு செய்கிறாரா? செய்கிறார் என்பதே என் துணிபு.

"பிழைத்தவர் பலர்" என்பது சான்றாகாது. பிழைத்தவர் வந்து சொல்வர், இறந்தவர் வருவதில்லை. பிழைத்தவருள்ளும் பலர் முன்பே அறுவை செய்துகொண்டு, பின்னர்ப் பொடி உண்டவராக இருப்பர்; புகழ் பொடிக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவில் 1970களில் இதுவே பேரளவில் நிகழ்ந்தது. ஆப்ரிகாட் பழக்கொட்டையின் பருப்போடு தொடர்புடைய லேட்ரில் என்னும் மருந்தைப் பல்லாயிரவர் நம்பினர். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதற்குச் சட்ட இசைவும் அளித்தன. இறுதியில் மேயோ மருத்துவ நிலையமும் வேறு சில நிலையங்களும் 178 நோயாளிகளுக்கு அதை முறையாகக் கொடுத்துச் சோதித்தன. 1982இல் முடிவு வெளியாயிற்று. ஒருவரும் குணமடையவில்லை. சிலருடைய இரத்தத்தில் சயனைடு நஞ்சு உயிருக்கு உலை வைக்கும் அளவை நெருங்கியிருந்தது.

இவ்வாறு எழுதினால், நம் மூலிகைகளை இழிவுபடுத்துவதாகச் சிலர் சினப்பர். வீட்டு முற்றத்து நித்தியகல்யாணி அவர்களுக்கு விடை தரும். அதன் இலைச்சாறு நீரிழிவைத் தணிக்குமா என்று கனடாவில் நோபிள், பீர் என்னும் இரு ஆய்வாளர் 1950களில் எலிகளிடம் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுவதன்றோ இரத்தப் புற்றுநோய்! அவ்வழியே சென்று வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் தரப்படும் மருந்துகளுள் ஒன்று. அதே இலையை வீட்டில் காய்ச்சிக் குடிப்பவருக்கோ, மருந்தின் அளவும் தெரியாது, நஞ்சின் அளவும் தெரியாது. நாட்டு மருந்து, சீமை மருந்து என்னும் பாகுபாடு இங்கே பொருளற்றது. சோதித்ததா, சோதியாததா என்று கேட்டால் போதும்.

யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோய் தொலைவுக்குப் பரவாத நிலையில் மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேரோடு அவர்கள் ஒப்பிட்டனர். முன்னவருக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். பொடி கொன்றது என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. பொடி உண்ட மாதங்களில் கட்டி வளர்ந்தது. குணமாக்கத்தக்க நோயாளியிடம் இருந்த செல்வம் அந்தச் சில மாதங்களே. அதை எடுத்துச் செலவழித்தவர் மாமன். அது அவருடைய பொருளன்று. வள்ளுவரின் நிபந்தனை இங்கே நிறைவேறவில்லை.

எனினும், மக்கள் ஏன் மருத்துவமனையை விட்டு ஓடுகிறார்கள் என்பதையும் எண்ணவேண்டும். விடியற்காலையில் வரிசை; நண்பகலில் இரண்டு நிமிடப் பேச்சு, அதுவும் புரியாத மொழியில். முடி உதிர்கிறது, உண்டது தங்குவதில்லை, கடன் ஏறுகிறது. நாட்டு வைத்தியரோ நாடியைப் பிடித்தபடி தமிழில் அரைமணி பேசுகிறார். அந்த அரைமணி மெய்யான பொருள். அதை ஏளனம் செய்யும் மருத்துவர் தம் நோயாளிகளைத் தாமே அவரிடம் அனுப்பிவைக்கிறார். "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கைவிரிப்பதும் ஒரு பொய்யே. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலித்தணிப்புப் பணி, குணமாக்க இயலாதபோதும் செய்வதற்கு நிரம்ப உண்டு என்று காட்டிற்று.

இத்தனை வாதத்துக்கிடையே ஒருவரை யாரும் கேட்பதில்லை. பொடியா, கதிர்வீச்சா என்று கூடத்தில் அண்ணனும் தம்பியும் வழக்காடுகையில், அறையில் படுத்திருக்கும் தாயிடம் நோயின் பெயர்கூடச் சொல்லப்பட்டிருக்காது. "அம்மா தாங்கமாட்டார்" என்பார்கள். கைக்குழந்தையோடு இரயிலேறி வந்து, மொழி தெரியாத நகரில் ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தியவர் அவர். எல்லாம் அறிந்தபின் அவர் அறுவைக்கு இசையலாம். மருத்துவமனை வேண்டா, ஊர்த் தேரை இன்னும் ஒருமுறை பார்த்தால் போதும் என்றும் சொல்லலாம். அவ்வாறு சொன்னால், பயணச்சீட்டு எடுப்பதுதான் பிள்ளைகளின் வேலை. மருத்துவர் எழுதித் தந்த வலிமருந்துச் சீட்டையும் மறவாமல் உடன் எடுத்துச் செல்லட்டும்.