இன்மையை அறிதலும் வீட்டு அச்சுப்பொறியும்

இந்தியத் தத்துவ மரபில் அறிவு பிறக்கும் வாயில்களை ஆராயும் துறைக்கு அளவையியல் என்று பெயர். அளவை, வடமொழியில் பிரமாணம், என்பது ஒரு பொருளைப் பற்றி ஐயமும் திரிபும் இன்றித் துணிவதற்குரிய கருவியைக் குறிக்கும். அக்கருவிகளுள் சமயவாதிகளிடையே ஓயாத பூசலுக்கு இடம் தந்தது அபாவம், அதாவது ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறியும் முறை. உள்ள குடத்தோடு கண் பொருந்துவதால் குடம் உண்டு என்ற அறிவு பிறக்கிறது என்றால், இல்லாத குடத்தோடு எப்புலனும் பொருந்த வழியில்லாத நிலையில் குடம் இல்லை என்ற அறிவு எவ்வாறு பிறக்கிறது என்பதே வினா. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அவ்வாறே பத்து எண்ணி, பின்னர் அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்கிவிடுகிறார். வீட்டுக் கணினியில் அச்சுப்பொறியை நிறுவிப் பேணுகிறவர் இந்நூல்களைத் திறந்தும் பாராதவராக இருக்கலாம்; ஆயினும் ‘ஆஃப்லைன்’ என்று கணினித் திரை அறிவிக்க, இரண்டடி தொலைவில் அச்சுப்பொறி பச்சை விளக்கோடு விழித்திருக்கும்போது, அவர் எதிர்கொள்வது இதே வினாவையே.

மீமாம்சகரான குமாரில பட்டர் 7ஆம் நூற்றாண்டில், காணாமை என்பதே தனியோர் அளவை என்று நிறுவினார். அனுபலப்தி என்று பெயர் பெற்ற அவ்வளவையைப் பின்னர் அத்வைதிகளும் ஏற்றனர். நியாய மரபினரோ, தரையைக் காணும் கண்ணே அத்தரைக்கு அடைமொழி போல் ஒட்டிநிற்கும் குடத்தின் இன்மையையும் காண்கிறது என்று கூறி, அபாவத்தைக் காட்சிக்குள் சேர்த்தனர். இன்மை என்றொரு பொருளையே ஒப்பாத பிரபாகரர், வெறுந்தரையைக் காண்பதற்கு மேல் அங்கு அறிவதற்கு எதுவும் இல்லை என்று வாதிட, பௌத்தரான தருமகீர்த்தி காணாமையை ஏதுவாகக் கொண்டு கருதி அறிவதே அது என்றார். இவ்வளவு முரண்பட்டவர்களும் ஒரு கட்டுப்பாட்டில் பெரிதும் ஒன்றுபட்டனர். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்ல உரிமையற்றவன். பொருள் அங்கு இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலை அமைந்தால் மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும். இக்கட்டுப்பாட்டை யோக்கியதை, அதாவது காணப்படும் தகுதி, என்று வழங்கினர். இதன் சமயப் பயன் பெரிது. கடவுளைக் காணவில்லை, ஆதலால் கடவுள் இல்லை என்ற வாதத்துக்கு 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த உதயணர் நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் பகுதியில் தந்த மறுப்பு இத்தகுதியின் மேலேயே நிற்கிறது. காணாததெல்லாம் இல்லை என்று சொல்லும் சார்வாகன் வீட்டைவிட்டு வெளியே சென்றதும் மனைவி மக்களைக் காணாமையால் அவர்கள் இறந்தனர் என்று அழவேண்டியவன் ஆவான் என்று அவர் எள்ளி நகையாடுவதும் அங்கேதான்.

கணினியின் ‘ஆஃப்லைன்’ என்ற கூற்று சார்வாகனின் அழுகையை ஒத்தது என்று காட்ட, அச்சுப்பொறியைச் சேர்த்தல் என்ற செயலில் உண்மையில் நிகழ்வது யாது என்று பார்க்க வேண்டும். அச்செயலால் கணினிக்குள் உருவாவது அச்சு வரிசை எனப்படும் ஒரு பதிவு; அதில் ஒரு பெயரும், பக்கத்தைப் பொறி அறியும் மொழிக்கு மாற்றும் டிரைவர் என்ற மென்பொருளும், மாற்றியதை எங்கே அனுப்புவது என்று சுட்டும் போர்ட் என்ற முகவரியும் அடங்கியிருக்கும். வரிசை பொறி ஆகாது, பொறி வரிசை ஆகாது. நால்வகை இன்மைகளுள் ஒன்றினொன்று இன்மை என்று அளவை நூலார் பிரித்துக் கூறியது இவ்வேறுபாட்டையே. ஒரே பொறியை யுஎஸ்பி கம்பியாலும் வைஃபையாலும் இணைத்தவர் தம் கணினியில் இரண்டு அச்சுப்பொறிகளைக் காண்கிறார், அவற்றுள் ஒன்று எப்போதும் செத்துக்கிடப்பதாகவும் காண்கிறார். பிடிஎஃப் கோப்பாக அச்சிடும் வரிசைக்கோ பொறியே கிடையாது.

வைஃபை வழியே இணைந்த பொறிக்கு முகவரி தருவது வீட்டு ரவுட்டர். டிஎச்சிபி என்ற முறைப்படி அது முகவரியைக் குறித்த காலத்துக்கு வாடகைக்கு விடுவது போலவே தருகிறது. சில நாட்கள் அணைத்துவைத்த பொறி மீண்டும் எழும்போது வேறு எண்ணைப் பெறலாம், பழைய எண் வீட்டிலுள்ள ஒரு கைபேசிக்குப் போயிருக்கலாம். வரிசையோ பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். இதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. விண்டோஸ் கணினி, பொறியின் நிலையை அறிய எஸ்என்எம்பி என்ற நெறிமுறையில், அதாவது பிணையக் கருவிகளை மேற்பார்வையிட 1988இல் வரையறுக்கப்பட்ட வினாவிடை ஒழுங்கில், ஒரு கேள்வியை விடுக்கிறது. பொறி அந்த ஒழுங்கில் விடை தராவிட்டால், அச்சிட ஆயத்தமாக இருப்பினும் அதை ஆஃப்லைன் என்று முத்திரை குத்துகிறது. போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி நிலையறிதலுக்குரிய குறியை நீக்கியதும், வேறு எதுவும் மாறாமலே, தேங்கிய பக்கங்கள் வரத் தொடங்குவது இதனால்தான். விருந்தினர்க்கென ரவுட்டர் தனியே தரும் வைஃபையில் மடிக்கணினியை இணைத்தாலும் இதே விளைவு நேரும். அப்பிணையம் வீட்டுக் கருவிகளைக் கண்ணில் படாதவாறு மறைப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

இவை யாவற்றிலும் கணினியின் குற்றம் அறியாமை என்று சொல்வதற்கில்லை. தெரியவில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் இல்லை என்று சொன்னதே குற்றம். வீட்டில் அச்சுப்பொறியைப் பேணும் வேலையில் பெரும்பகுதி யோக்கியதையை மீட்கும் வேலை எனலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பொறிக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவைத்தல், அல்லது வரிசையில் எண்ணுக்கு மாறாகப் பொறி தானே அறிவிக்கும் பெயரைக் குறித்தல், இரு கருவிகளையும் ஒரே பிணையத்தில் வைத்தல் ஆகியவை முடிந்தபின், எஸ்என்எம்பிக்கு விடை தரும் பொறி இருந்தால் விடை வந்தே தீரும் என்ற நிலை அமைகிறது. அதன்பின் கணினி ஆஃப்லைன் என்று சொன்னால் நம்பலாம், எழுந்து சென்று மின்கம்பியைப் பார்க்கலாம். டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுவதே எல்லா நோய்க்கும் மருந்து என்று பலர் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கு இதனோடு தொடர்பு குறைவு. அது சில வேளை பலிப்பதற்குக் காரணம், மீண்டும் நிறுவும்போது முகவரியும் புதிதாகத் தேடப்படுவதே.

பிணையத்துக்கு முந்திய காலத்தில் இச்சிக்கல் வேறு வடிவில் இருந்தது. சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970இல் தன் முதல் அச்சுப்பொறியோடு அறிமுகப்படுத்திய இணைப்பு முறை, 1981இல் வந்த ஐபிஎம் தனிக்கணினிக்கும் இசைவாக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் வீடுகளில் நிலைத்தது. அதன் 12ஆம் முள் தாள் தீர்ந்ததை அறிவிப்பதற்கே ஒதுக்கப்பட்டிருந்தது. தாள் இல்லை என்றால் அந்த முள்ளில் மின்னழுத்தம் உயரும். தாள் தட்டிலுள்ள சிறு நெம்பு, தாள் இருக்கும்வரை அதன்மேல் சாய்ந்திருந்து, தீர்ந்ததும் கீழே விழுந்து ஒளிக்கதிர் ஒன்றின் வழியை மறிப்பதோ விடுவிப்பதோ ஆகிய ஏற்பாடு இன்றைய பொறிகளிலும் உண்டு. தட்டின் வெறுமையே தட்டின் ஓர் இயல்பாகப் பதிவாகும் இவ்விடத்தில் நியாய மரபினரின் கொள்கை பொருந்துகிறது. நெம்பு தொடுவது தட்டின் அடியைத்தான், தாளின் இன்மை என்ற வேறொன்றை அன்று என்று பிரபாகரர் சொல்லக்கூடும், அதையும் எளிதில் தள்ள முடியாது.

லினக்ஸ் இயக்குதளத்தின் பழைய டிரைவரில் அளவை நூலாரை மகிழ்விக்கக்கூடிய ஒரு பகுதி உண்டு. பிழை உண்டு என்று ஒரு முள் சொன்னால், டிரைவர் முதலில் தாள் தீர்ந்ததா என்று பார்க்கும், அடுத்துப் பொறி இணைப்பு நீங்கியதா என்று பார்க்கும். இரண்டும் இல்லையெனில் பொறி தீப்பற்றி எரிகிறது என்று அறிவிக்கும். எரிவதை உணரும் கருவி எதுவும் அங்கு இல்லை. ஏனையவை நீங்க எஞ்சியதைத் துணிதல் என்ற இம்முறையை மணிமேகலை மீட்சி என்றும் சித்தியார் ஒழிபு என்றும் சொல்லும். நீக்கப்பட வேண்டியவற்றை முழுமையாக எண்ணாதவன் இந்த அளவையைக் கையாண்டால் நேரக்கூடியதை அந்த அறிவிப்பு நன்றாகவே விளக்குகிறது.

இல்லை என்ற கூற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் ‘முடிந்தது’ என்ற கூற்று நிற்கிறது. அனுப்பிய பக்கம் வரிசையில் காத்திருக்கும் நிலை முன்னின்மை, அதாவது தோன்றுவதற்கு முந்திய இன்மை. அச்சானதும் அந்த இன்மை முடிவுறுகிறது. ஆனால் அது முடிவுற்றதைக் கணினி எவ்வாறு அறிகிறது? 9100 என்ற போர்ட் எண்ணில் தரவை அப்படியே ஊற்றும் பழைய முறையில், எல்லாம் ஏற்கப்பட்டது என்பதற்கு மேல் கணினிக்குப் பொதுவாக எதுவும் தெரியாது. ஏற்றதும் முடிந்தது என்று கருதிக்கொண்டு பணியை வரிசையிலிருந்து அழித்துவிடுகிறது. 1999இல் முதலில் வெளிவந்து இன்று பரவலாக வழங்கும் ஐபிபி நெறிமுறையில் பொறியே தன் நிலையையும் பணியின் நிலையையும் எடுத்துச் சொல்கிறது: காத்திருக்கிறது, நடைபெறுகிறது, நின்றுவிட்டது, கைவிடப்பட்டது, முடிந்தது என்றும், தாள் தீர்ந்தது, தாள் சிக்கியது என்றும். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய கப்ஸ் என்ற அச்சு அமைப்பு இந்நெறிமுறையை அடித்தளமாகக் கொண்டது. 2002இல் ஆப்பிள் அதைத் தன் கணினிகளில் ஏற்றது. கருதலாக இருந்த அறிவு இவ்வாறு உரையாக மாறியது. உரை, அதாவது உண்மையறிந்து உள்ளபடி சொல்பவரின் சொல், சொல்பவர் எவ்வளவு அறிவாரோ அவ்வளவுக்கே அளவையாகும். தாள் வெளியேறியதை உணர்கருவியால் அறியும் பொறி, மைத்துளைகள் அடைபட்டு வெற்றுத்தாள் வெளியேறியதை அறிவதில்லை. வெற்றுத்தாளும் முடிந்தது என்றே அறிவிக்கப்படும்.

இக்குறையைத் தீர்க்க அச்சுப்பொறிகளில் வைத்திருக்கும் துளைச் சோதனை என்ற வசதி, யோக்கியதைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதனை ஏவினால் சிறு கோடுகள் படிக்கட்டாய் அமைந்த ஒரு கட்டம் அச்சாகிறது. எத்துளை எக்கோட்டை இடவேண்டும் என்பது முன்பே உறுதியாதலால், விடுபட்ட கோடு அடைபட்ட துளையைக் காட்டிவிடும். ஒரு புகைப்படத்தில் சிறிது மஞ்சள் குறைந்தால் அது இன்மையா, வெளிறிய மூலப்படமா என்று துணிய முடியாது. கட்டத்தில் அந்த ஐயம் எழுவதில்லை.

மையின் அளவைப் பற்றிய அறிவு இன்னும் சிக்கலானது. பல இங்க்ஜெட் பொறிகள் கார்ட்ரிட்ஜில் எஞ்சிய மையை நேரே காண்பதில்லை. தெளித்த துளிகளை எண்ணி, தொடக்க அளவிலிருந்து கழித்து, எஞ்சியதைக் கருதுகின்றன, அக்கணக்கைக் கார்ட்ரிட்ஜில் ஒட்டிய சில்லு நினைவில் வைக்கிறது. மீண்டும் மை நிரப்பிய கார்ட்ரிட்ஜில் சில்லு தீர்ந்தது என்று சொல்ல, கையிலெடுத்து ஆட்டிப் பார்ப்பவர் மை இருப்பதைக் காண்கிறார். காட்சியும் கருதலும் மாறுபடும்போது காட்சியே வலியது என்ற பொதுவிதிக்கு மாறாகப் பொறி தன் கணக்கையே பிடித்துக்கொண்டு அச்சிட மறுப்பதும் உண்டு. கருதலின் பிழை என்று இதை முழுதும் மன்னிக்க இயலாது. மை விற்பனையின் நலனும் அக்கணக்கில் கலந்திருக்கிறது. மைத்தொட்டி வைத்த பொறிகளில் நிலை தலைகீழானது. தொட்டியின் சுவர் ஒளி ஊடுருவுவதாதலால் மட்டத்தைக் காண்பவர் மனிதர். தொட்டியை நிரப்பிவிட்டேன் என்று அவர் பொத்தானை அழுத்திச் சொல்ல, அதை நம்பிக் கணக்கைப் புதிதாகத் தொடங்குவது பொறி. தொடக்ககால மாதிரிகள் சிலவற்றில், சொல்பவர் நம்பத்தக்கவர்தாமா என்று சோதிப்பது போல, மைப்புட்டியில் அச்சிட்ட குறியெண்ணை உள்ளிடும்படி கேட்டனர். பின்னர் வந்தவற்றில் பலவும் அதைக் கைவிட்டு, பயனர் சொல்லையே உரையளவையாக ஏற்கின்றன. நிரப்பாமலே நிரப்பினேன் என்று அவர் அழுத்தினால், மட்டம் அடிக்கோட்டுக்குக் கீழே போனபின்பும் பொறி தயங்காமல் அச்சிட்டுக் குழாய்களுக்குள் காற்றை இழுத்துக்கொள்ளும்.