யாருக்கு முன்னோடி?

எங்கள் றெஸ்ரோறன்ற்றில் இறைச்சி வெட்டும் அண்ணை ஒருவர் இருக்கிறார். நாட்டை விட்டு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல். நடுச்சாமத்தில் தரை கழுவும்போது அவர் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, எங்கட காலம் முடிஞ்சுது. நாங்கள் பசளை. பிள்ளையள் முளைச்சு வந்தால் காணும்." நானும் நெடுங்காலமாக அதற்குத் தலையாட்டி வந்தவன். அண்மையில்தான் அந்தப் பேச்சில் ஏதோ பிழை இருப்பதாகப் படத் தொடங்கியது. காரணம், என்றோ அழிந்துபோன ஒரு நகருயிர்.

அதன் பெயர் ரெலியோகிறேற்றர். 1933 இல், அப்போது பிரித்தானியர் ஆண்ட தங்கனீக்காவின் தெற்கில், இன்றைய தான்சானியாவில், பரிங்டன் என்பவர் அதன் எலும்புகளைச் சேகரித்தார். எலும்புகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அலன் சாரிக் என்ற இளைஞர் 1956 இல் தன் கேம்பிரிட்ஜ் ஆய்வேட்டில் அவற்றை விவரித்துப் பெயரும் வைத்தார். முறைப்படி வெளியிடவில்லை. எலும்புக்கூடு முழுமையானதல்ல. உறவைத் தீர்மானிக்க உதவும் கணுக்கால் எலும்புகள் அதில் இல்லை. சாரிக் பிறகு லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பேர் பெற்ற ஆளானார். 1997 இல் காலமானார். அந்தப் பிராணியின் இடம் அப்போதும் முடிவாகவில்லை.

2015 இல் அதே பகுதியில் இன்னொரு குழு தோண்டியபோது மேலும் எலும்புகள் வந்தன, கணுக்காலும் வந்தது. 2017 ஏப்ரலில் 'நேச்சர்' சஞ்சிகையில் கட்டுரை வெளியானது. சாரிக் வைத்த பெயரையே வைத்தார்கள். கட்டுரையாளர் வரிசையின் கடைசியில் அவருடைய பெயரையும் போட்டார்கள். ஆள் இறந்து இருபது வருடம்!

ஏறத்தாழ 24 கோடி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிராணி என்று அவர்கள் கணித்தார்கள். முதலைகளின் கிளையும் பறவைகளின் கிளையும் பிரிந்தபின், பறவைப் பக்கத்தில் நின்ற மிகப் பழையவற்றில் ஒன்று. டைனோசோர்களும் அந்தப் பக்கம்தான். ஆனால் இது அவற்றின் நேர் மூதாதை அல்ல. பூட்டனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வையுங்கள்.

ஆர்ஜன்ரீனாவில் கிடைத்த மராசூக்கஸ் போன்ற சின்னஞ்சிறு பிராணிகளைப் பார்த்தவர்கள், டைனோசோர்களின் பழைய சொந்தமெல்லாம் சிறிதாக, மெலிந்ததாக, இரண்டு காலில் ஓடுவதாகவே இருந்திருக்கும் என்று நினைத்திருந்தார்கள். வந்ததோ நாலு காலில் நடந்த, இரண்டு மூன்று மீற்றர் நீளமான, நீண்ட கழுத்துள்ள இறைச்சி தின்னி. கணுக்கால் ஏறக்குறைய முதலையுடையது! பேரனின் முகத்தை வைத்துப் பாட்டனைக் கீறியிருந்தார்கள். படம் பிழைத்துப் போயிற்று.

நான் 2008 இல் விலங்கியல் இரண்டாம் வருடத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டு வந்தவன். கூர்ப்புப் பாடத்தில் நானும் அப்படித்தான் படித்தேன்: இது அதற்கு முன்னோடி, அது இதற்கு முன்னோடி. ஒன்றை 'முன்னோடி' என்று அழைப்பவர் எப்போதும் பின்னால் வந்தவர்தான். ரெலியோகிறேற்றருக்கு டைனோசோர் என்று ஒன்று வரப்போவது தெரியாது. பசித்தது, வேட்டையாடியது, செத்தது. உறுதியாகச் சொல்லக்கூடிய பழைய டைனோசோர் எலும்புகளுக்கும் அதற்கும் இடையில் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. அது யாருக்கும் பசளையாக வாழவில்லை.

அண்ணையிடம் இதைச் சொன்னேன். "மிருகத்துக்குப் பொறுப்பில்லை, எங்களுக்கு இருக்கு" என்றார். நியாயம்தான். பிள்ளைக்காக உழைப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் என் வாழ்க்கைக்குப் பொருள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை என் மகளின் கையில் கொடுப்பது வேறு விஷயம். அவளுக்கு ஒன்பது வயது. நாளைக்கு அவள் படிக்காமல் விட்டால் என்னுடைய இத்தனை வருடக் கோப்பை கழுவலும் வீண் என்றாகிவிடுமா? அப்படியென்றால் அவள் கேட்காத ஒரு கடனை அவள் தலையில் கட்டிவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சாரிக்கின் கதையை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அரைகுறையாக விட்டதை யாரோ ஒருநாள் முடித்து வைப்பார்களாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் குழு அங்கே தோண்டாமல் விட்டிருக்கலாம். கணுக்கால் கிடைக்காமலும் போயிருக்கலாம். அப்போதும் 1956 இல் அவர் பார்த்தது சரியாகப் பார்த்ததுதானே. எத்தனையோ நூதனசாலை லாச்சிகள் திறக்கப்படாமலே கிடக்கின்றன. என்னுடைய விலங்கியல் கொப்பிகள் ஊரில் வீட்டோடு போய்விட்டன. அவற்றை எவரும் திறக்கப்போவதில்லை.

போன மாதம் மகள் பள்ளி நூலகத்திலிருந்து டைனோசோர்ப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தாள். "அப்பா, சின்னனில நீங்கள் என்னவா வர விரும்பினீங்கள்?" என்று கேட்டாள். 'உன்ரை அப்பாவாகத்தான்' என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "எலும்பு பார்க்கிற ஆளாக" என்றேன்.

அடுத்த லீவு நாளில் றெஸ்ரோறன்ற்றிலிருந்து பாதத்தோடு ஒரு கோழிக்காலைக் கொண்டுவந்து அவித்து, சதை களைந்து, பேப்பரில் பரப்பினேன். கோழியின் காலில் பின்பக்கமாக மடிகிற மூட்டு முழங்கால் அல்ல, அதுதான் கணுக்கால் என்று காட்டினேன். அவள் நம்பவில்லை. எழும்பி நின்று தன் காலை மடித்து மடித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப குதி எங்கை, அப்பா?"

அதற்கு முதலையிலிருந்து தொடங்கவேண்டி இருந்தது. ஒரு கடதாசி எடுத்துக் கீறத் தொடங்கினேன்.