ஐந்து விரலும் விரித்து

சீட்டுக் குலுக்கும்போது கவனித்திருப்பீர்கள். நெய்வேலியில் எந்த வட்டமானாலும் சரி, டப்பாவுக்குள் கைவிட்டுத் துண்டை எடுப்பது ஒரு குழந்தைதான். சீட்டு நடத்தும் அக்காவே எடுத்தால் முணுமுணுப்பு கிளம்பிவிடும்.

கி.பி. 921, முதலாம் பராந்தக சோழன் காலம். உத்திரமேரூரில் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்ததும் இப்படித்தான். ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும், அதாவது பகுதிகளிலிருந்தும், பெயர் எழுதிய ஓலைகள் வந்தன. எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். நல்லவர்தான், ஆனாலும் விரல் மூடக் கூடாது!

மூன்றரை நூற்றாண்டு கழித்து, 1268-இல், வெனிஸ் குடியரசு தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டும் வாக்கும் மாறி மாறி வரும் ஒரு நீண்ட முறையை வகுத்தது. அங்கும் சீட்டெடுக்க ஒரு சிறுவனைத்தான் தேடினார்கள்.

உத்திரமேரூர்க் குடத்துக்குள் எல்லாப் பெயரும் போய்விடாது. கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். அது பிராமணர் சபை. பெண்ணுக்கும் உழுதவருக்கும் அதில் ஓலை இல்லை. இதை மறைத்துவிட்டு அதைக் குடியாட்சி என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கோயில் சுவரில் அவர்கள் வெட்டிவைத்த ஒரு விதியைப் பாருங்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவர் மகன், தகப்பன், மாமனார், மருமகன், சகோதரியின் கணவன் பெயரும் போகாது. திருடியவருக்குத் தனி விதி உண்டு. இது கணக்கைக் காட்டாமல் விட்டவருக்கு. ஒழுங்காக இருந்தவரும் 360 நாளில் இறங்கிவிட வேண்டும். அடுத்த மூன்று ஆண்டு அவருக்கும் ஓலை கிடையாது.

உங்கள் கையிலும் பொதுப்பணம் கொஞ்சம் இருக்கலாம். திருவிழா வசூல், சங்கச் சந்தா, அம்மாவின் வைத்தியத்துக்கு அண்ணன் தம்பிகள் சேர்த்துப் போட்ட தொகை. யாரும் கேட்கவில்லையா? நம்பிக்கையால் இருக்கலாம், கூச்சத்தாலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இன்றைக்கே வரவு செலவை எழுதி, ரசீதுகளோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். மீதி 140 ரூபாய்தான் என்றாலும் அதையும் எழுதுங்கள்.