எரிச்சலுக்கு என்ன மரக்கால்?

மேல்சித்தாமூர் பார்சுவநாதர் சமணக் கோயில் மண்டபத்தில் மாலைப் பாடம் முடிந்திருந்தது.

சீடன்: சுவாமி, சொல்லால் நோகடிப்பதும் இம்சை என்றீர்கள். அப்படியானால் இணையத்தில் ஏசுகிறவனைப் பிடித்து உள்ளே வைப்பது அறம்தானே?

குரு: நாவடக்கம் என்ற நோன்பை ஏற்பது யாரப்பா?

சீடன்: அவரவர்தான்.

குரு: எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டு அது. போலீஸ்காரர் கையில் கொடுத்தால் லத்தியாகிவிடும். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் புதுச்சேரி தொட்டுவிடும் தூரம். 2012 அக்டோபரில் அங்கே ஒரு வியாபாரியைக் கைது செய்தார்கள். மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினாராம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66ஏ. மூன்றாண்டு வரை சிறை. எரிச்சலூட்டுவதுகூட அதில் குற்றம். எரிச்சலை எந்த மரக்காலால் அளப்பது? உன் கேள்விகளே சில நாள் எனக்கு எரிச்சல்தான்.

சீடன்: அந்தப் பிரிவைத்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே.

குரு: 2015 மார்ச் 24, ஸ்ரேயா சிங்கால் வழக்கு. ஒன்றைப் பேசுவது, அதற்காக வாதாடுவது, ஆளைத் தூண்டிவிடுவது மூன்றும் வேறு. தூண்டும்போதுதான் சட்டம் கைவைக்கலாம் என்றது தீர்ப்பு. இல்லறத்தான் விலக்க வேண்டியது முதலில் சங்கல்ப இம்சை, வேண்டுமென்றே செய்யும் தீங்கு என்று நம் சாத்திரமும் தரம் பிரிக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு 69ஏ-வை விட்டுவைத்தது. இணையப் பக்கங்களை முடக்கும் பிரிவு அது. அதற்கான 2009 விதிகளில் 16ஆவது, புகாரும் நடவடிக்கையும் ரகசியம் என்கிறது.

சீடன்: ரகசியமும் முடக்கமும் சில நேரம் தேவைதானே? 2018 மே மாதம் தூத்துக்குடியில் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு, 13 பேர் இறந்தார்கள். மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி பரவியிருந்தால்?

குரு: வதந்தி நின்றதோ என்னவோ, பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் என்று தேடிய தாய்க்கும் இணையம் நின்றது. இணையத்தை நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது என்று 2020இல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உண்மைக்குப் பல பக்கம் என்னும் அநேகாந்தம் படிக்கிறாயே, ஒரு பக்கம் கண்டவன் முழுதும் கண்டேன் என்றால் ஒப்புவாயா? அரசு கண்டதும் ஒரு பக்கம்தான்.

சீடன்: நீதிபதி காண்பதும் ஒரு பக்கம்தானே, சுவாமி?

குரு: ஆமாம். அதற்குத்தான் மேல்முறையீடு. ஆனால் எழுத்தை முடக்கியவர்கள் உத்தரவைக் கண்ணிலேயே காட்டாவிட்டால், எழுதியவன் எதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான்?