பிரேக் யாருக்காக?

காரில் இருக்கும் சமாசாரங்களில் பெரும்பாலானவை உங்களுக்காக. ஏ.ஸி., ஸ்டீரியோ, குஷன் எல்லாமே. கெட்டுப்போனால் கஷ்டப்படப்போவது நீங்கள்தான். பிரேக் மட்டும் அப்படியில்லை. அதில் பாதி, ரோட்டைக் கடக்க ஸ்கூல் பையோடு காத்து நிற்கும், உங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு குழந்தைக்குச் சொந்தம்.

"முன் சக்கரத்து பிரேக் பேடை வீட்டிலேயே மாத்தினா என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். ரிட்டயர்டு ஆசாமி. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர். "பேடு வாங்கியாச்சு. கூலி மிச்சம் பாருங்க" என்றார். "எதுக்குங்க வம்பு? மெக்கானிக்கிட்ட விட்டுட்டா அப்புறம் அவன் பாடு" என்றார் அவர் மனைவி.

அவர் கூலியை யோசித்தார். அந்தம்மா பழியை யோசித்தார். அந்தக் குழந்தை இரண்டு பேர் கணக்கிலும் வரவில்லை.

இந்த வேலை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு அவர் கண்டுபிடித்த காரில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். வழியில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோனது. ஒரு செருப்புத் தொழிலாளியிடம் போய் அதன்மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்றைய பிரேக் லைனிங்குக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அப்போது சர்வீஸ் சென்டர் ஏது?

புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அதைச் சொல்வதற்கென்றே பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். டிஸ்க்கில் உரசி 'கீச்'சென்று கத்தும். நம்மில் பலர் உடனே பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம்!

மாற்றும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். கழற்றிய காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்ட வேண்டும். பேடில் கிரீஸ் படக் கூடாது. ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும் மாற்ற வேண்டும். கடைசியாக, வண்டியை எடுப்பதற்கு முன்பு பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். புது பேடுக்கு இடம் விட பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதால், முதல் மிதியில் பெடல் அடிவரை போய்விடும், வண்டி நிற்காது.

சக்கரத்தை மாட்டிய பிறகு, ஒழுங்காகச் செய்த வேலையும் ஒப்பேற்றிய வேலையும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். வீட்டில் செய்தாலும் ஒர்க்‌ஷாப்பில் செய்தாலும் அப்படித்தான். ஆக, கேள்வி யார் கை என்பதல்ல. யாரும் பார்க்காத இடத்தில் அந்தக் கை எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான்.

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு எனக்குப் பிடிக்கும். ஆபத்தான குறை இருக்கிறது என்று தெரிந்தே வண்டி ஓட்டினால் குற்றம். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்கிற குறையோடு ஓட்டினாலும் குற்றம். 'எனக்குத் தெரியாது சார்' என்று கையை விரிக்க முடியாது. பார்க்காமல் இருந்ததும் தப்புதான் என்கிறது. நீதி நூல்கள் சொல்ல வேண்டியதை ஒரு போக்குவரத்துச் சட்டம் சொல்லியிருக்கிறது.

காசு கொடுத்து வேலையைக் கைமாற்றலாம். பொறுப்பைக் கைமாற்ற முடியாது. நண்பருக்குச் சொன்னேன்: "ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டாம் தரம் சரிபார்க்கிற பொறுமை இருந்தா தாராளமா செய்யுங்க. ஒரு இடத்துல சந்தேகம் வந்தாலும் கௌரவம் பார்க்காம தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க." அந்தம்மாவுக்கும் சொன்னேன்: "மெக்கானிக்கிட்டயே விடுங்கம்மா. ஆனா கழட்டின பழைய பேடைக் காட்டச் சொல்லுங்க. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பெடலை நீங்களே மிதிச்சுப் பாருங்க."

அந்தக் குழந்தை ரோட்டைக் கடந்து போய்விடும். பேடை யார் மாற்றினார்கள், எவ்வளவு மிச்சமானது எதுவும் அதற்குத் தெரியப்போவதில்லை. தெரியாமலே இருக்கட்டும்.