கடைசியாகப் பார்த்தது எப்போது?

இரவு ஒன்றரை மணி. ஸ்டோரேஜில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. எங்களிடமிருக்கும் மெய்நிகர் இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருளைத் திறந்தேன். பட்டியலில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'ஆர்ஃபன்டு' என்று இருந்தது. அநாதை. பட்டியலில் பெயர் இருக்கிறது, அது இருக்கவேண்டிய சர்வரில் அது இல்லை என்று பொருள். அநாதைதானே என்று அதன் ஃபோல்டரை டெலீட் கொடுத்தேன்.

சில லாக் ஃபைல்கள் போயின. டிஸ்க் ஃபைலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. 'ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது.'

கை சில்லிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் டிஸ்க்கைத்தான் சர்வர் அப்படிப் பூட்டி வைத்திருக்கும். ஒவ்வொரு சர்வராக நேரடியாக லாகின் செய்து தேடினேன். மூன்றாவதில் இருந்தது. முந்தைய வாரம் ஒரு சர்வர் படுத்தபோது, நைட் ஷிஃப்ட் தம்பி அவசரத்துக்கு அதை வேறொரு சர்வரில் ஏற்றி ஓடவிட்டிருக்கிறான். அந்த சர்வரை நாங்கள் மென்பொருளில் சேர்த்திருக்கவே இல்லை. அநாதை இயந்திரம் ஒரு வாரமாக எல்லோருடைய சம்பளக் கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தது.

"அதான் ஒண்ணும் ஆகலையேண்ணா, விடுங்க" என்றான் தம்பி.

விட முடியவில்லை. 1877இல் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு என்று தெரியும். இத்தனை பயணம் போய்த் திரும்பிய கப்பலாயிற்றே என்று தன் சந்தேகத்தைத் தானே அமுக்கிவிட்டு அனுப்பிவைக்கிறார். கப்பல் மூழ்குகிறது. கிளிஃபர்ட் அதோடு நிறுத்துவதில்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்கிறார். அந்தக் கணக்கில் நானும்தான். என்னைக் காப்பாற்றியது என் கவனம் இல்லை, ஒரு பூட்டு.

ஆனால் எல்லாவற்றையும் எல்லா நேரமும் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது என்பதால்தான் இந்த மென்பொருளே இருக்கிறது. வி-சென்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சர்வரும் 10 நொடிக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று ஒரு துடிப்பு அனுப்பும். 60 நொடி வராவிட்டால் 'பதில் இல்லை' என்று குறித்துக்கொள்ளும். நடுவில் ஃபயர்வால் 902ஆம் போர்ட்டை அடைத்திருந்தாலும் அதே குறிப்புதான். சர்வரும் அதிலிருக்கும் இயந்திரங்களும் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 'எனக்குக் கேட்கவில்லை' என்பது திரையில் 'அவன் பேசவில்லை' என்று ஆகிவிடுகிறது.

பட்டியலைப் பார்த்து வேலை செய்வதில் தப்பில்லை. தினமும் அப்படித்தான் செய்கிறேன். நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: திரும்பப் பெறமுடியாத ஒன்றைச் செய்வதற்கு முன்னால் பட்டியலைக் கேட்டால் போதாது, சர்வரிடமே போய்க் கேட்கவேண்டும். எவ்வளவு பெரிய அழிவோ அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும்.

இதை எழுதும்போது என் தம்பி ஞாபகம் வருகிறது, கூடப் பிறந்தவன். கல்லூரி முடித்த புதிதில் வாங்கிய கடனைக் கட்டாமல் வீட்டை அலையவிட்டான். என் பட்டியலில் அன்றைக்கே 'பொறுப்பில்லாதவன்' என்று ஏறிவிட்டது. போன வருடம் ஊரில் அப்பா கட்டிய வீட்டை விற்றபோது அவனை யாரும் கேட்கவில்லை. "அவன்கிட்ட என்னத்தக் கேக்குறது" என்று சொன்னது நான்தான். பத்திரம் பதிவான பிறகுதான் அம்மா சொன்னாள், மூன்று வருடமாக அந்த வீட்டு வரியைக் கட்டிவந்தது அவன் என்று.

அங்கே எந்த ஃபைலும் பூட்டியிருக்கவில்லை. ஒரே அழுத்தில் போய்விட்டது.

அவன் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதையும் நான் 'பதில் இல்லை' என்றே குறித்து வைத்திருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போய்ப் பார்க்கவேண்டும்.